பழைய கணினிக்கு எந்தச் சாளர மேலாளர்? தோட்டத்துக் கணினியை அமைப்பவர் அறிய வேண்டியவை

கேமரன் மலை – விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்று ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை கணினியில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையில் முதலில் அடிபடுபவை பழைய மடிக்கணினிகள். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற தேயிலைத் தோட்டங்களிலும் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பட்டணங்களிலும் பல வீடுகளில் இருப்பது அத்தகைய கணினிதான். அண்ணன் கல்லூரிக்குப் போகும்போது வாங்கியது. இப்போது தம்பி தங்கையின் பள்ளிப்பாடத்துக்குப் பயன்படுகிறது. புதியது வாங்க ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகலாம் என்ற நிலையில், அதைத் தூக்கிப் போடுவது எளிதான முடிவு அல்ல.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் அடிப்படையிலான, எடை குறைந்த இலவச இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவலாம். அப்படி நிறுவ முன்வரும் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அல்லது தோட்டத்து இளைஞர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எந்தச் சாளர மேலாளரை வைப்பது என்பதே அது. கணினி வேகமாக இயங்குமா, பிள்ளைகள் தயங்காமல் உட்காருவார்களா, தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரளவுக்கு அதில்தான் அடங்கியிருக்கிறது.

சாளர மேலாளர் என்றால் என்ன?

கணினித் திரையில் நாம் திறக்கும் ஒவ்வொரு செயலியும் ஒரு சட்டத்துக்குள் தோன்றுகிறது. அந்தச் சட்டத்துக்குச் சாளரம் என்று பெயர். அதை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாகக் காட்டுவது, எதை முன்னால் கொண்டுவருவது, மேலே தலைப்புப் பட்டையும் மூடும் பொத்தானும் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் மென்பொருளே சாளர மேலாளர். ஆங்கிலத்தில் விண்டோ மேனேஜர் என்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மண்டோர் கொழுந்து பறிப்பதில்லை. யார் எந்த நிரையில் நிற்பது, யார் முன்னால் போவது, யார் ஒதுங்குவது என்று அவர் சொல்கிறார். அவர் சரியாக இருந்தால் வேலை ஓடும். சாளர மேலாளரும் அப்படித்தான். கட்டுரை எழுதுவதும் இணையப் பக்கத்தைத் திறப்பதும் அதன் வேலை அல்ல. அந்த வேலைகளைச் செய்யும் செயலிகளைத் திரையில் ஒழுங்குபடுத்துவது மட்டுமே அதன் பொறுப்பு.

விண்டோஸில் இந்தப் பகுதி இயங்குதளத்தோடு ஒட்டியே வருவதால், பயனர் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது வழக்கம் இல்லை. லினக்ஸில் மாட்டலாம். ஒரே கணினியில் இரண்டு மூன்று சாளர மேலாளர்களை வைத்துக்கொண்டு, உள்நுழையும் போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

இத்தனை வகைகள் ஏன்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில் 1984இல் எக்ஸ் விண்டோ சிஸ்டம் உருவானது. 1987இல் அதன் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. லினக்ஸ் கணினிகளின் திரைக்கு நீண்ட காலம் அடித்தளமாக இருந்தது இதுவே. திரையில் படம் வரைவது தன் வேலை, சாளரங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வேறு ஒரு நிரல் முடிவு செய்யட்டும் என்று அதை வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் பலரும் தத்தம் விருப்பப்படி சாளர மேலாளர்களை எழுதத் தொடங்கினார்கள்.

நினைவகத்தை மிச்சப்படுத்தும் முயற்சியும் பழையதுதான். 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். பரவலாகப் பயன்பட்டது. 1993இல் ராபர்ட் நேஷன் அதன் நினைவகச் செலவைக் குறைக்க முயன்றபோது பிறந்தது எஃப்.வி.டபிள்யூ.எம். 1997இல் மார்கோ மாசெக்கின் ஐஸ் டபிள்யூ.எம். வந்தது. அதே ஆண்டு வந்த பிளாக்பாக்ஸின் வழியில் 2001இல் ஃப்ளக்ஸ்பாக்ஸும் 2002இல் ஓப்பன்பாக்ஸும் தோன்றின. ஜோ விங்பர்மியூல் எழுதிய ஜே.டபிள்யூ.எம். இதே எளிய வகையைச் சேர்ந்தது. இவற்றில் ஐஸ் டபிள்யூ.எம்., ஜே.டபிள்யூ.எம்., ஓப்பன்பாக்ஸ் மூன்றையும் இன்றைய எடை குறைந்த இயங்குதளங்களில் அடிக்கடி காணலாம்.

இயல்பிருப்பு ஏன் முக்கியம்?

நிறுவியவுடன் எதையும் மாற்றாமல் கிடைக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் டிஃபால்ட் என்கிறார்கள். தமிழ்க் கணினித் துறையில் அதற்கு இயல்பிருப்பு என்ற சொல் வழங்குகிறது. கணினி இயல்பாக எப்படி இருக்கிறதோ அது என்று பொருள்.

கணினி தெரிந்தவர் இயல்பிருப்பைப் பொருட்படுத்தமாட்டார். பிடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். முதன்முறையாகக் கணினியைத் தொடும் நான்காம் ஆண்டு மாணவிக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. அவளுக்கு முன்னால் இருப்பதுதான் கணினி. திரையின் கீழே பட்டை இல்லை, எதை அழுத்தினால் செயலி திறக்கும் என்று புரியவில்லை என்றால், கணினி பழுதாகிவிட்டது என்று மூடி வைத்துவிடுவாள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் பெரிது.

ஆகவே இயல்பிருப்பைத் தேர்ந்தெடுப்பவர் தனக்குப் பிடித்ததை அல்ல, தான் அருகில் இல்லாதபோது அந்தக் கணினியில் உட்காரப் போகிறவருக்கு ஏற்றதைத்தான் வைக்க வேண்டும்.

மூன்று வகை நடத்தை

சாளர மேலாளர்களை அவற்றின் நடத்தையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது மிதக்கும் வகை. சாளரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். எலியால் இழுத்து நகர்த்தலாம். விண்டோஸ் பழக்கம் உள்ளவருக்கு இதுவே அறிமுகமானது. ஐஸ் டபிள்யூ.எம்., ஜே.டபிள்யூ.எம்., ஓப்பன்பாக்ஸ், எக்ஸ்.எஃப்.டபிள்யூ.எம். ஆகியவை இந்த வகை.

இரண்டாவது ஓடு பதிக்கும் வகை. சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல், தரையில் ஓடு பதித்ததுபோல் திரையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஐ3 என்பது இதில் பெயர் பெற்றது. நினைவகம் குறைவாகத்தான் எடுக்கும். நிரல் எழுதுவோர் விரும்பிப் பயன்படுத்துவார்கள். ஆனால் பெரும்பாலும் விசைப்பலகைக் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். பொதுக் கணினிக்கு இது பொருந்தாது.

மூன்றாவது முழுத்திரை வகை. ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டும் திரை முழுவதையும் நிரப்பும். கைத்தொலைபேசியில் நாம் காண்பது இதுதான்.

உலகில் பிறர் எடுத்த முடிவுகள்

கேமரன் மலையில் ஒரு கணினியை அமைப்பவர் சந்திக்கும் அதே கேள்வியைப் பெரிய திட்டங்களும் சந்தித்திருக்கின்றன.

பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற நோக்கத்தோடு 2007இல் தயாரிப்புக்கு வந்தது ஓ.எல்.பி.சி. திட்டத்தின் எக்ஸ்.ஓ. கணினி. அதன் ரேம் 256 எம்பி மட்டுமே. அதில் இயங்கிய சுகர் என்னும் இடைமுகம், கையடக்கக் கருவிகளுக்காக எழுதப்பட்ட மேட்ச்பாக்ஸ் என்ற சாளர மேலாளரைத் தொடக்கத்தில் பயன்படுத்தியது. ஒவ்வொரு செயலும் முழுத்திரையில் திறக்கும். சிறுவர்கள் சாளரங்களுக்கு இடையில் தொலைந்துபோகக் கூடாது என்பது நோக்கம். பிறகு அத்திட்டம் மெட்டாசிட்டி என்ற வேறொரு மேலாளருக்கு மாறியது.

அதே 2007இல் ஆசுஸ் நிறுவனம் ஈ.பி.சி. 701 என்ற சிறிய மடிக்கணினியை விற்பனைக்கு விட்டது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பிடம். அதில் இருந்த லினக்ஸின் எளிய முறைக்கு ஐஸ் டபிள்யூ.எம். அடித்தளமாக இருந்தது. வேலை, படிப்பு, விளையாட்டு என்று பெரிய பெரிய படக்குறிகள் திரையில் தெரியும். கணினி தெரியாதவரும் தொட்டுப் பார்க்கும்படி அதை அமைத்தார்கள். எடை குறைந்த மேலாளர் என்றால் முகம் கரடுமுரடாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது சான்று.

ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், முழு இயங்குதளத்தையும் ரேமிலேயே ஏற்றி ஓட்டுவதற்குப் பெயர் பெற்றது. அதன் பல பதிப்புகளில் ஜே.டபிள்யூ.எம். இயல்பிருப்பாக உள்ளது. கிரேக்க நாட்டிலிருந்து வரும் ஆன்டிஎக்ஸ் இயங்குதளம் ஐஸ் டபிள்யூ.எம்.மை முன்னால் வைத்து, ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜே.டபிள்யூ.எம். ஆகியவற்றையும் மாற்றுத் தேர்வுகளாகத் தருகிறது.

லுபுண்டு வேறு பாதையில் போனது. தொடக்கத்தில் எல்.எக்ஸ்.டி.இ. பணிச்சூழலையும் 18.10ஆம் பதிப்பிலிருந்து எல்.எக்ஸ்.க்யூ.டி. பணிச்சூழலையும் அது ஏற்றது. ஆனால் இரண்டின் அடியிலும் சாளரங்களைக் கவனித்தது ஓப்பன்பாக்ஸ்தான். மேலே தெரியும் முகம் மாறியபோதும் உள்ளே நிற்கும் ஆளை மாற்றவில்லை. பழைய கணினிகளை மட்டுமே குறிவைப்பதை நிறுத்திக்கொள்வதாக அக்குழு 2018இல் அறிவித்ததும் கவனிக்க வேண்டியது. பெயரில் எடை குறைவு இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு தேவை கூடும் என்பதை மறக்கக் கூடாது.

ராஸ்பெர்ரி பை சொல்லும் பாடம்

இயல்பிருப்பை மாற்றுவது எவ்வளவு யோசிக்க வேண்டிய முடிவு என்பதை ராஸ்பெர்ரி பை கணினியின் வரலாறு காட்டுகிறது. 2012இல் வெளிவந்த இந்தச் சிறிய பிரிட்டிஷ் கணினியின் இயங்குதளத்தில் எல்.எக்ஸ்.டி.இ.யும் ஓப்பன்பாக்ஸும் இருந்தன. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதுவே தொடர்ந்தது.

2021 நவம்பரில் மட்டர் என்ற மேலாளர் வந்தது. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் அல்ல. 2 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் உள்ளவற்றுக்கு மட்டர், அதற்குக் குறைந்தவற்றுக்குப் பழைய ஓப்பன்பாக்ஸ் என்று பிரித்துக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வேலண்டு என்ற புதிய திரைமுறைக்கு மாறியபோது, பை 4, பை 5 ஆகியவற்றுக்கு வேஃபயர் என்ற மேலாளர் இயல்பிருப்பானது. அடுத்த ஆண்டே, 2024 அக்டோபரில், வேஃபயரை விட்டுவிட்டு லேப்டபிள்யூ.சி.யை எல்லா மாதிரிகளுக்கும் இயல்பிருப்பாக்கினார்கள். வேஃபயரின் வளர்ச்சி தங்கள் வன்பொருளுக்கு ஒத்துவராத திசையில் போகிறது என்பதே காரணம்.

கவனிக்க வேண்டியது, லேப்டபிள்யூ.சி. ஓப்பன்பாக்ஸை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. மூன்று ஆண்டுகளில் மூன்று மாற்றம் செய்து, கடைசியில் பழையதன் சாயலுக்கே திரும்பினார்கள். எளிமையும் எல்லாக் கருவிகளிலும் இயங்கும் தன்மையும்தான் வென்றன.

இன்னொரு பாடமும் உண்டு. ரேமுக்கு ஏற்றபடி இரண்டு வகை கொடுத்தபோதும், இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தோன்றும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரு தோட்டத்தில் பத்து வீடுகளில் பத்து விதமான கணினிகள் இருந்தாலும், திரை ஒன்றுபோல் இருந்தால் ஒரு பிள்ளை கற்றதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித் தர முடியும்.

தமிழ்நாட்டிலும் நடந்தது

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும் போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. போஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, டெபியன் அடிப்படையிலான இயங்குதளம். இந்திய மொழிகளுக்கான ஆதரவு அதன் முக்கிய நோக்கம். அதன் இயல்பிருப்பாக நோம் பணிச்சூழல் இருந்தது.

அதே 2011 ஏப்ரலில் நோம் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. கீழே இருந்த பணிப்பட்டை போனது. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் இயல்பிருப்பில் இல்லாமல் போனது. பழகியவர்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. பழைய வடிவத்தைத் தொடர மாட்டே என்ற தனித்திட்டமே அந்த ஆண்டில் பிறந்தது. பழக்கத்தை மாற்றுகிற இயல்பிருப்பு, கணினி நன்கு அறிந்தவர்களையே இப்படிச் சினமூட்டும் என்றால், புதிதாகக் கற்பவரை எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொழுந்து என்ற சொல்லால் ஒரு சோதனை

தமிழ்க் குடும்பத்துக்குக் கணினி அமைக்கும்போது மற்றவர் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். தலைப்புப் பட்டையிலும் பணிப்பட்டையிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

தமிழ் எழுத்தைத் திரையில் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவை சேமிப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்தமைப்பு நூலகம் ஒன்று தேவை. ஓப்பன்பாக்ஸ் அதற்காகப் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துகிறது. மிக எளிமையாக எழுதப்பட்ட சில மேலாளர்களில், அல்லது அவற்றின் சில பதிப்புகளில், இந்த ஏற்பாடு இல்லாமல் போகலாம். அப்போது உலாவிக்குள் தமிழ் அழகாக இருக்கும். மேலே உள்ள பட்டையில் மட்டும் சிதைந்து கிடக்கும்.

சோதனை எளிது. ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்துத் திறக்க வேண்டும். தலைப்புப் பட்டையில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வந்து, ழு, து இரண்டும் ஒட்டி நின்றால் சரி. கொம்பு இடம் மாறியோ, புள்ளி வட்டம் ஒன்று நடுவில் தோன்றியோ, வெறும் கட்டங்கள் தெரிந்தோ இருந்தால் பிழை. கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துருதான் குறை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீரும். கொம்பு இடம் மாறினால் மேலாளரையோ அதன் பதிப்பையோ மாற்றுவது நல்லது. தன் கட்டுரையின் பெயர் தமிழில் சிதைந்து தெரிவதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கத் தொடங்கிவிடும்.

தட்டச்சுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பெயர்ப்பு முறையும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக லினக்ஸில் கிடைக்கின்றன. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகக் கணினித் தமிழில் முன்னோடியாக நின்ற நாடு மலேசியா. அஞ்சல் முறையில் பழகிய ஆசிரியர்கள் பலர் இருப்பதால், நிறுவுபவர் அவர்களிடம் கேட்டு ஏற்ற முறையை வைக்கலாம். முழுப் பணிச்சூழல் இல்லாமல் தனிச் சாளர மேலாளரை மட்டும் வைக்கும்போது ஐபஸ் தானாகத் தொடங்காமல் போகக்கூடும். தொடக்கத்தில் இயங்க வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்து, கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

எந்தக் கணினிக்கு எது?

1 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த ரேம்: ஆன்டிஎக்ஸ் தரும் ஐஸ் டபிள்யூ.எம். அல்லது பப்பியின் ஜே.டபிள்யூ.எம். இரண்டிலும் பணிப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் மேலாளருக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தட்டச்சு, கணக்கு அட்டவணை, சேமித்து வைத்த பாடக்காணொளி ஆகியவற்றுக்கு இத்தகைய கணினியை வைத்துக்கொள்ளலாம்.

2 ஜிபி ரேம்: ஐஸ் டபிள்யூ.எம். இங்கேயும் பாதுகாப்பான தேர்வு. அல்லது ஓப்பன்பாக்ஸோடு எல்.எக்ஸ்.க்யூ.டி. பணிச்சூழலை வைக்கலாம். ஓப்பன்பாக்ஸைத் தனியாக வைத்தால் திரையில் பணிப்பட்டையே இருக்காது. வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால்தான் பட்டியல் வரும். புதியவருக்கு அந்த வெறுந்திரையைக் கொடுக்கக் கூடாது. பட்டையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

4 ஜிபி ரேம், 64 பிட் செயலி: லுபுண்டுவின் எல்.எக்ஸ்.க்யூ.டி. அல்லது எக்ஸ்.எஃப்.சி.இ. பணிச்சூழல் வசதியாக ஓடும். இரண்டிலும் விண்டோஸ் பழக்கத்துக்கு நெருக்கமான அமைப்பு கிடைக்கும். நிழல், ஒளிபுகும் தோற்றம் போன்ற அலங்காரங்களை நிறுத்திவிட்டால் பழைய திரைச்சில்லுக்குச் சுமை குறையும்.

32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினியில் பணம் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும். கூகுள் குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான பதிப்பைத் தரவில்லை. எந்தச் சாளர மேலாளரும் இந்தக் குறையை நீக்காது.

உலாவி என்னும் உண்மை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஐஸ் டபிள்யூ.எம்., ஜே.டபிள்யூ.எம். போன்றவை சில எம்பி முதல் சில பத்து எம்பி வரைதான் ரேம் எடுக்கும். ஆனால் பிரவுசர் எனப்படும் உலாவியில் ஒரே ஒரு கனமான பக்கம் திறந்தால் சில நூறு எம்பி போய்விடும். கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா கற்றல் தளமும் அதன் வழியாக வரும் கூகுள் வகுப்பறையும் உலாவியில்தான் திறக்கின்றன.

ஆகவே எடை குறைந்த மேலாளரை வைத்துவிட்டால் கணினி புதிதாகிவிடும் என்று பெற்றோரிடம் சொல்லக் கூடாது. மேலாளர் மிச்சப்படுத்தும் இடம் உலாவிக்குப் போகும், அவ்வளவுதான். 2 ஜிபி கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமல் இருக்கப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். ரேமின் உள்ளடக்கத்தைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கினால் சிறிது மூச்சு கிடைக்கும். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுவதும், இடமிருந்தால் ரேமைக் கூட்டுவதும் எந்த மேலாளரைவிடவும் அதிகப் பலன் தரும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் அதற்குச் செலவிடலாம்.

நிறுவும் முன்னும் பின்னும்

முதலில் கணினியில் உள்ள படங்கள், பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றின் நகல்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். நிறுவும்போது தட்டு அழிக்கப்பட்டால் அவை திரும்பி வருவது அரிது.

அடுத்து, இயங்குதளத்தை யு.எஸ்.பி. பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் எழுத்து நான்கையும் தட்டைத் தொடாமலேயே இதில் சோதித்துவிடலாம். வைஃபை வேலை செய்யவில்லை என்றால் நிறுவிய பிறகு மலையிறங்கி ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ கணினியைத் தூக்கிக்கொண்டு போக நேரிடும்.

மூன்றாவதாக, பயன்படுத்தப் போகும் பிள்ளையையே உட்கார வைக்க வேண்டும். உலாவியைத் திற, ஒரு வரி தமிழில் எழுது, சேமி, மூடு, மறுபடி அதைத் திற என்று ஐந்து வேலைகளைச் சொல்லிவிட்டு அமைதியாகப் பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் இயல்பிருப்பில் குறை இருக்கிறது. எழுத்தின் அளவு, படக்குறியின் இடம், பொத்தான்களின் அளவு ஆகியவற்றை அப்போதே சரிசெய்யலாம்.

நான்காவதாக, தேவையற்ற தேர்வுகளை மறைக்க வேண்டும். உள்நுழைவுத் திரையில் ஐந்து சாளர மேலாளர்களின் பெயர் வரிசையாக இருந்தால், ஒரு நாள் தவறுதலாக வேறொன்றை அழுத்திவிட்டு எல்லாம் போய்விட்டது என்று பயப்படுவார்கள். ஒன்றே ஒன்று போதும்.

கடைசியாக, ஒரு தாளில் எழுதிக் கணினியோடு வைக்க வேண்டும். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்தச் சாளர மேலாளர், தமிழ் விசைப்பலகையை மாற்றும் விசை எது, பாதுகாப்புத் திருத்தங்களை எப்படிப் போடுவது என்பவை அதில் இருந்தால் போதும். இலவச இயங்குதளப் பதிப்புகளுக்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு. அந்த நாளையும் தாளில் குறித்து வைக்க வேண்டும்.

பழுது பார்க்கப் போவது யார்?

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு மேலாளர்களுக்கு இடையே முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஒரே கேள்வி கேட்டால் போதும். ஓராண்டு கழித்து இது நின்றுபோனால் யார் பார்ப்பார்கள்?

தோட்டத்து இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மலையிறங்குகிறார்கள். கணினியை அமைத்தவர் அடுத்த ஆண்டு அங்கேயே இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒருவருக்கு மட்டும் தெரிந்த அபூர்வமான அமைப்பைவிட, பலருக்கும் தெரிந்த சாதாரண அமைப்பு மேலானது. ஒரு பள்ளியோ ஒரு தோட்டமோ ஒரே மேலாளரை எல்லாக் கணினிகளுக்கும் வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தரும். ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

அந்த அளவுகோலில் பார்த்தால், 2 ஜிபியும் அதற்குக் குறைவும் ரேம் உள்ள கணினிகளுக்கு ஐஸ் டபிள்யூ.எம்.மும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஓப்பன்பாக்ஸோடு கூடிய எல்.எக்ஸ்.க்யூ.டி.யும் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் பொருந்தும். இரண்டிலும் பணிப்பட்டை கீழேயும் தொடக்கப் பட்டியல் இடப்பக்கமும் இருக்கும்படி வைத்து, கொழுந்து என்ற சொல் பட்டையில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கணினியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.